அம்மாவின் கடவுச்சீட்டும் ஒரு ‘வை’ எழுத்தும்

கனடாவில் இருக்கிற அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது, அம்மா போய்க் கொஞ்சக் காலம் கூட இருக்க வேண்டும், இதுதான் தொடக்கம். அம்மாவுக்கு வயது 66. திருகோணமலையை விட்டுத் தூரமாய்ப் போனது என்றால் 90இல் இடம்பெயர்ந்ததும் ஒருதரம் கதிர்காமம் போனதும்தான், கடவுச்சீட்டே இல்லை. “பாஸ்போட்டை எடுத்திட்டு விசாவுக்குப் போடுறது, அவ்வளவுதானே” என்று உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்தபடி அக்காவுக்குப் போனில் சொன்னேன். அந்த ‘அவ்வளவுதானே’ முடிய ஏழு மாதம் எடுத்தது.

கடவுச்சீட்டு பெரிய வேலையாக இருக்கவில்லை. பதிவு செய்த ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுத்தால் அவர்களே அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இணையத்தில் அனுப்பிவிடுவார்கள், கையில் தரும் துண்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும். கொழும்புக்கு அலையாமல் ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் வவுனியா அலுவலகத்துக்குப் போனோம். சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவை என்றால் 20,000. எங்களுக்கு அவசரம் இல்லை என்று சாதாரணத்திலேயே கொடுத்தோம்.

பிழை விட்டதும் அங்கேதான். அம்மாவின் பெயர் ‘ஈஸ்வரி’ என்று முடியும். படிவத்தில் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, கடைசி எழுத்தை ‘வை’ என்று போட்டுவிட்டேன். கடவுச்சீட்டும் அப்படியே வந்தது. அப்புறம்தான் விசா வேலையில் இறங்கினோம்.

பெற்றோருக்கு என்று கனடாவில் சூப்பர் விசா ஒன்று இருக்கிறது, ஒருதரம் போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஆனால் கூப்பிடுகிற பிள்ளை தன் வருமானத்தைக் காட்ட வேண்டும், இவர் என் தாய்தான் என்பதையும் காட்ட வேண்டும். அதற்கு அக்காவின் பிறப்புச் சான்றிதழ். அக்கா கனடா போகும்போது அதை மொழிபெயர்த்தவர் அம்மாவின் பெயரை ‘ஐ’ என்று முடித்திருக்கிறார். அம்மாவின் விவாகச் சான்றிதழை நான் புதிதாக மொழிபெயர்க்கக் கொடுத்தேன், அதில் எஸ்சுக்குப் பின்னால் ஒரு எச்சும் ஏறி வந்தது! தமிழில் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஆங்கிலத்தில் மூன்று பெண்கள்.

அம்மாவிடம் சொன்னபோது, “என்ட பேர் ஒண்டுதானே மகன், அவங்கள்தானே விதம்விதமா எழுதி வச்சிருக்கிறாங்கள்” என்றார். நியாயமான பேச்சுத்தான், ஆனால் அதை விண்ணப்பத்தில் எழுத முடியாதே. விவாகச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து, கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கூட்டி வாங்கினேன். அக்காவின் பழைய மொழிபெயர்ப்பு ஏற்கனவே அங்கே பாவித்த பத்திரம், அதில் கைவைக்கப் பயமாக இருந்தது. அதனால் சட்டத்தரணி ஒருவரிடம் போய், இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதும் ஒரே ஆளின் பெயர்தான் என்று அம்மா சத்தியக் கடதாசி முடித்தார். நீங்கள் செய்வதென்றால் கடவுச்சீட்டுப் படிவத்தில் பேனாவை வைக்கமுதல் வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் பத்திரங்களை வட்ஸ்அப்பில் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை, எனக்கு ஆறு கிழமை போனது.

விசாவுக்குக் காட்ட வேண்டிய மருத்துவக் காப்புறுதி அக்காவின் தலையில் விழுந்தது. குறைந்தது ஒரு வருடத்துக்கு, ஒரு லட்சம் கனடிய டொலர் வரை ஈடுகொடுக்கிறதாக இருக்க வேண்டும், காசு கட்டிய பற்றுச்சீட்டு வேண்டும், விலை கேட்டு வாங்கிய கடதாசி மட்டும் காட்டினால் சரிவராது. விண்ணப்பத்துக்கு 100 டொலர், கைரேகைக்கு 85.

கைரேகைக்கான கடிதமும் மருத்துவப் பரிசோதனைக்கான கடிதமும் வந்த பிறகு இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்று இரவு ரயிலில் கொழும்புக்குப் போனோம். கைரேகைக்கு 30 நாள் தவணை இருக்கிறது, ஓடி விழத் தேவையில்லை. பரிசோதனையை மட்டும் நம்முடைய டொக்டரிடம் செய்ய முடியாது, கனடாக்காரர் அங்கீகரித்தவரிடம்தான் போக வேண்டும்.

நான் பயந்தது நெஞ்சு எக்ஸ்ரேக்கு, மாட்டியது விரல். நாற்பது வருடம் தேங்காய் துருவி, அம்மியில் அரைத்து, சாம்பல் போட்டுச் சட்டி மினுக்கிய கை. கருவியில் வைத்தால் ரேகையே விழவில்லை. அங்கே இருந்த பிள்ளை பொறுமையானவள், ஈரத் துணியால் துடைத்து, விரலை மேலால் அமத்தி, திரும்பத் திரும்ப எடுத்தாள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏதோ தன்னில் பிழை போல. வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கும் மட்டும் கதைக்கவேயில்லை. முதல் நாளே கைக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசி வைத்திருக்கலாமோ என்று பிறகு யோசித்தேன்.

விசா வந்துவிட்டது. ஆனால் டிக்கெட் போட்ட இடத்தில் திரும்பவும் ‘ஐ’! நல்லவேளை, காசு கட்ட முதல் கண்ணில் பட்டது.

இப்போது பெட்டி கட்டுகிறோம். மிளகாய்த்தூள் வறுத்து இடித்தாயிற்று. நெத்தலிக் கருவாட்டை நான் வெளியே எடுத்து வைக்க, அம்மா திரும்ப உள்ளே வைக்கிறார். சாப்பாட்டுச் சாமான் எதுவென்றாலும் அங்கே இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்றேன். “சொல்லத்தானே வேணும், சொல்லுவன்” என்றார்.