கரம் போர்ட்டும் நல்லூரும்

எங்கள் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது கிரிக்கெட்டைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை வருடாவருடம் நாலு பேர் எழுதுகிறார்கள், ஓட்டங்களும் வருடாவருடம் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே 1979இல் நடந்த ஒரு சரித்திர பாடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடம். பாதி வகுப்பு நித்திரை. மாஸ்டர் கரும்பலகையில் ஒரு சதுரம் கீறி, நான்கு மூலைகளிலும் வட்டம் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார். பின் வாங்கிலிருந்து ஒருவன், "கரம் போர்ட், சேர்" என்றான். அடி விழப்போகிறது என்று நினைத்தோம். அவரோ, "சரி, கரம் போர்ட்தான். கொஞ்சம் சரிச்சுப் பிடி. இப்ப மூலையெல்லாம் திசையாப் போச்சு" என்றார்.

வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். யாழ்ப்பாண அரசர்கள் நல்லூரைத் தலைநகராக வைத்திருந்த காலத்தில் நாலு திசைக்கும் காவலாக இருந்த கோயில்கள். இடங்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. வீரமாகாளி அம்மன் கோயிலடி ரியூசனுக்குப் போகிற வழி. கைலாயநாதருக்குச் சோதனைக் காலத்தில் மட்டும் தேங்காய் உடைப்போம். ஆனால் இவை நான்கும் ஒரே கணக்கில் சேர்ந்தவை என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. போருக்குப் போகுமுன் அரசர் வாளைக் காளியின் காலடியில் வைத்து வணங்குவார் என்ற கதையையும் அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த வழியால் போகும்போது சைக்கிள் தானாகவே கொஞ்சம் மெதுவாகும்.

அப்புறம் மாஸ்டர், "சிவப்புக் காய் எங்கை?" என்றார். இதுகூடத் தெரியாதா? வகுப்பே ஒரே குரலில் "கந்தசாமி கோயில்!" என்றது.

"எந்தக் கந்தசாமி கோயில்?"

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். 25 நாள் திருவிழா நடக்கும் கோயில், வீதியெல்லாம் மணல் பரப்பி, கச்சான் கடைகள் வந்து இறங்கும் கோயில். அது 1734இல், ஒல்லாந்தர் காலத்தில், குருக்கள் வளவில் எழும்பியது என்றார் மாஸ்டர். அரசர் காலத்துப் பெருங்கோயில் நின்றது முத்திரைச் சந்தியில். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா அதை அடியோடு இடித்தான். அந்த மண்ணில்தான் இன்றைக்கு நல்லூர் யாக்கோபு தேவாலயம் நிற்கிறது. கோயிற் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பது ஊர்ப்பேச்சு.

எங்கள் வகுப்பில் அந்தத் தேவாலயத்துக்கு ஞாயிறுதோறும் போகிறவன் ஒருவன் இருந்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன், "நான் இடிக்கேல்லை, சேர்" என்றான். மாஸ்டர் சிரித்து நான் கண்டது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பேர் சைக்கிளில் புறப்பட்டோம். முன்னால் மாஸ்டர், ரலி சைக்கிளில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. சட்டநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் மந்திரிமனை. அதன் மரவேலைப்பாடுகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றபோது என் பின் டயர் காற்றுப் போனது. மிச்சத் தூரம் முழுவதும் உருட்டிக்கொண்டே போனேன். பழைய அரண்மனை வாசல் என்று சொல்லப்படும் சங்கிலித் தோப்பு வளைவு, பிறகு யமுனா ஏரி. ஏரி என்று பெயர்தான், 'ப' வடிவில் வெட்டிய கேணி. அன்றைக்குப் பற்றையும் பாசியுமாகக் கிடந்தது. யாழ்ப்பாண அரசன் சிங்கைப் பரராசசேகரன் யமுனை நதித் தீர்த்தத்தைக் காவடிகளில் எடுப்பித்து வந்து இதில் கலந்தான் என்கிறது மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. வட இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் காவடியில்! சிந்தாமல் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கும் என்று நாங்கள் அங்கேயே கணக்குப் போட்டோம்.

கடைசியாகக் கந்தசாமி கோயில் தேரடி. செல்லப்பா சுவாமி என்ற சித்தர் இருந்த இடம். அவரை ஊர் விசர்ச் செல்லப்பா என்றுதான் கூப்பிட்டது. அவர் சொன்ன "எப்பவோ முடிந்த காரியம்" எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. அப்பா பில் கட்ட மறந்தால் அம்மா அதைக் காட்டுவார். செல்லப்பாவின் சீடர் யோகர் சுவாமி 1964இல் சமாதி அடைவதற்கு முன் என் அப்பாச்சி ஒரு தடவை கொழும்புத்துறைக்கு அவரைப் பார்க்கப் போய், நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாராம். அந்த ஏச்சைச் சொல்லிச் சொல்லியே சாகும்வரை பூரித்துப்போனார். வேறு எந்த ஊரில் ஏச்சு வரமாகும்?

இன்னொன்றையும் மாஸ்டர் அங்கே வைத்துச் சொன்னார். கோயிலில் கட்டியம் கூறும்போது, அதுதான் சாமிக்கு முன்னால் புகழ் சொல்லி அறிவிக்கும்போது, காதைத் தீட்டிக் கேளுங்கோ, ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்று ஒரு பேர் வரும் என்றார். 15ஆம் நூற்றாண்டில் தெற்கே இருந்த கோட்டை என்ற சிங்கள அரசிலிருந்து படையோடு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சப்புமல் குமாரயாவின் பெயர் அது, நாங்கள் செண்பகப் பெருமாள் என்போம், பிறகு கோட்டைக்குத் திரும்பி ஆறாம் புவனேகபாகுவாக முடிசூடினான் என்றார். வென்றவன் பெயரைச் சொல்லி எங்கள் முருகனுக்கு இன்றைக்கும் கட்டியம் கூறுகிறார்கள். நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது ஏனோ ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறிகிறது.

திங்கட்கிழமை நல்லூர்ப் படம் கீறச் சொன்னார். எனக்குப் பத்துக்கு ஏழு. யமுனா ஏரியைப் பிழையாக வைத்துவிட்டேன் என்று மூன்று புள்ளி வெட்டு. நான் வாதாடினேன். மாஸ்டர் அசையவில்லை.

சில வருடங்களுக்கு முன் பள்ளித் தோழர் நாலு பேர் ஊரில் சேர்ந்தோம். ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, எனக்குச் சீனி வருத்தம். சைக்கிள் ஆசையை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரத் தம்பிக்கு நாலு கோயிலும் தெரியும். ஏன் ஒரே நாளில் நாலுக்கும் போகிறோம் என்பதுதான் விளங்கவில்லை, நேர்த்தியோ என்று கேட்டார். கரம் போர்ட் கதையைச் சொன்னோம். முத்திரைச் சந்தியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு அவரும் எங்களோடு இறங்கி வந்தார்.

தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். ஏரி பின்னால்தான் இருக்கிறது. நான் என் படத்தில் முன்னால் கீறியிருந்தேன்.