யூரியா சாக்குக்குள் நாற்பது செல்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் என் மோட்டார் மாட்டிய சைக்கிளை நிறுத்தினால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் டீ சொல்வேன். கழற்றி வைத்தால் யாரும் முறுக்கிக்கொண்டு போக முடியாது என்று ஒரு நினைப்பு. அன்றைக்கும் டீயைக் குடித்துவிட்டு, பாரில் தொங்கும் பைக்குள் கையை விட்டு வயரைச் சொருகினேன். டப் என்று ஒரு சத்தம், கூடவே நீலப் பொறி. பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பிவிட்டார்கள்.

"என்ன வே, பைக்குள்ள வெடியா?"

சைக்கிளில் பேட்டரி இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு மாதம் மெனக்கெட்டிருந்தேன். ஒரே டப்பில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

போலீசுக்குப் பயந்து மறைக்கவில்லை. மோட்டார் 250 வாட்தான், வேகம் 25 கிலோமீட்டருக்குள்தான். அந்த அளவு வண்டிக்குப் பதிவும் லைசென்சும் கேட்பதில்லை. எனக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று திருட்டு. இன்னொன்று, "எவ்வளவு ஆச்சு, எத்தனை கிலோமீட்டர் ஓடும், எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்களேன்" என்கிற விசாரணை. டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போகிறவன், சிக்னலுக்குச் சிக்னல் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன் நான். பிழைப்பு அச்சகத்தில் என்றாலும் கை சும்மா இருக்காது. பேட்டரி நானே கட்டியது. 18650 என்கிற, விரல் மாதிரி உருளையான லித்தியம் செல் நாற்பது. நாலு நாலாகச் சேர்த்துப் பத்து வரிசை, 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து எடுத்த செல்களில்தான் முதலில் ஆரம்பித்தேன். நாலைந்து செல்கள் தானாகவே சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வேலையே வேண்டாம் என்று புதுச் செல் வாங்கிவிட்டேன். டவுனிலிருந்து ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கி, சுலோசன முதலியார் பாலம் தாண்டிப் பாளை போய்த் திரும்பி வந்தாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

அந்தப் பொறிக்குக் காரணம், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள். அவை காலியாக இருக்கும்போது வயரைச் சொருகினால் ஒரே இழுப்பில் கரண்டை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு பொறிக்கும் கனெக்டரின் உலோக முனை கொஞ்சம் அரித்துப்போகும். எக்ஸ்டி90-எஸ் என்று ஒரு கனெக்டர் இருக்கிறது. அதற்குள் சின்ன ரெசிஸ்டர் உண்டு, முதலில் அது தொட்டு மெதுவாக நிரப்பும். அதை மாற்றியபின் சத்தம் இல்லை.

பை கதைக்கு வருகிறேன். முதல் பை, ஆட்டோ சீட் தைக்கிற கடையில் கறுப்பு ரெக்சினில் தைத்தது. சைக்கிள் பாருக்குக் கீழே முக்கோணத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஜிப் வைத்து, வார் வைத்து. பார்க்க அழகு. அதுதான் வினையாகிப் போனது. மூன்றாம் நாளே யாரோ ஜிப்பைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பளபளவென்று பை தொங்கினால் உள்ளே பர்ஸ் இருக்கும் என்றுதானே தோன்றும்.

அதைவிடப் பெரிய விஷயம் இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. பழைய சைக்கிள்களில் காற்றடிக்கிற பம்பு மாட்ட ஃப்ரேமில் சின்ன முளை ஒன்று இருக்கும். பையைக் கழற்றித் துடைக்கும்போது பின்பக்கம் ஒரு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன். ரெக்சின் போய், உள்ளே வைத்த ஃபோம் போய், பேட்டரிமேல் சுருக்கிய பி.வி.சி. உறையும் போயிருந்தது. அதற்கும் உள்ளே செல்லின் நீல உறையில் கடுகளவு தேய்ந்து, இரும்பு மினுங்கியது. பக்கத்துச் செல்லின் உறையிலும் அதே மாதிரி ஒரு கீறல் ஆரம்பித்திருந்தது.

18650-ல் மேலே இருக்கும் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ், மற்ற உடம்பு முழுக்க நெகட்டிவ். பக்கத்து வரிசைச் செல்லின் உடம்பு வேறு வோல்டேஜில் இருக்கும். முளை இரண்டையும் சேர்த்துத் தொட்டிருந்தால் ஷார்ட். ஃபியூஸ் இருக்கிறதே, பேட்டரியைக் காவல் காக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் இருக்கிறதே என்று அதுவரை தைரியமாக இருந்தேன். அவை இரண்டும் பேட்டரியின் வாசலில் நிற்பவை. வீட்டுக்குள்ளேயே நடக்கிற சண்டை வாசலில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம் அந்த முளையை அரம் போட்டு ராவிவிட்டேன். தேய்ந்த செல்கள் இருந்த வரிசைகளைக் கழற்றி மாற்றினேன். வயரிங் வேலைக்கு வாங்குகிற கெட்டியான பி.வி.சி. பாக்ஸ் ஒன்றில், சுற்றிலும் ஃபோம் கொடுத்து, ஆடாமல் பேட்டரியை இறுக்கினேன். வயர் வெளியே வருகிற இடத்தில் ரப்பர் வாஷர். அந்த பாக்ஸைத்தான் இப்போது பைக்குள் வைக்கிறேன். பையின் வேலை மறைப்பது மட்டும்.

பையும் மாறியது. வீட்டில் கிடந்த யூரியா சாக்கை வெட்டி என் மனைவி தைத்துக் கொடுத்தாள். நம் பக்கத்தில் சைக்கிளில் தொங்கும் சாக்குப் பையை எவன் திரும்பிப் பார்க்கிறான்? புல் அறுக்கிறவர் சைக்கிளிலும் அதுதான், என் சைக்கிளிலும் அதுதான். தைக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்: "வீட்டுக்குள்ள சார்ஜ் போடக் கூடாது." நியாயம்தான். பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஆள் முழித்திருக்கும்போது மட்டும். சித்திரை வெயிலில் நின்ற வண்டி என்றால் வந்த கையோடு போடுவதில்லை. 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லில் சார்ஜ் ஏற்றக் கூடாது. பாக்ஸைத் தொட்டுப் பார்த்து, ஆறியபிறகுதான்.

பேட்டரி தனியாகக் கழன்று வர வேண்டும் என்று வைத்ததன் அருமை 2023 டிசம்பர் 17 ராத்திரி தெரிந்தது. தாமிரபரணியில் வெள்ளம் ஏறினால் குறுக்குத்துறை முருகன் கோயிலில் உற்சவரை எடுத்து மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், கல் மண்டபம் தண்ணீருக்குள் நிற்கும். என் வீட்டிலும் அதேதான். பையைத் தோளில் மாட்டி மாடிக்கு ஏறிவிட்டேன், சைக்கிள் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்தபின் மோட்டாரைத் திறந்து சேற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பேரிங் மாற்ற வேண்டியிருந்தது. பேட்டரியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

போன வாரம் குறுக்குத்துறை ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பக்கத்தில் பைக்கில் நின்ற ஒரு பெரியவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, யூரியா எந்தக் கடையில கெடைக்கு?"

"சாக்குதான் அண்ணாச்சி, பழசு" என்றேன். கேட் திறந்துவிட்டார்கள்.