கிராஞ்சி லாயத்திலிருந்து: ஒரு குதிரைக்காரனின் நாட்குறிப்பு

2023 ஜூன் 5, திங்கள்

செய்தி வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதியோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் முடிகிறது. 1842-ல் தொடங்கிய சிங்கப்பூர் டர்ஃப் கிளப். பந்தயத் திடலும் லாயங்களும் இருக்கும் கிராஞ்சியின் 124 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் போகிறது. வீடுகள் கட்டப்போகிறார்களாம்.

மாலைத் தீனி வைக்கும் நேரம். ஓட்ஸ் வாளியைக் கையில் பிடித்தபடி எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குதிரைகள் கதவை உதைக்க ஆரம்பித்த பிறகுதான் வேலைக்குத் திரும்பினோம். பக்கத்து லாயத்து அண்ணன் முப்பது வருடத்துக்கு மேலாகக் குதிரை பார்ப்பவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எழுநூறு குதிரை இருக்குடா தம்பி. எங்க கொண்டு போயி விடுவாங்க?”

கிளப் ஊழியர்கள் சுமார் 350 பேருக்கு உதவித் திட்டம் இருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். நல்லது, கிடைக்கட்டும். ஆனால் நாங்கள் குதிரைகளைப் பழக்கும் ட்ரெய்னரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த 350-ல் நாங்கள் வரமாட்டோம்.

2023 ஜூன் 11, ஞாயிறு

ஒரு வாரமாக எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: கூட்டம் வருவதில்லை. உண்மைதான். 2010-ல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரி 11,000 பேர். 2019-ல் 6,000. கொரோனாவுக்குப் பிறகு 2,600. முப்பதாயிரம் பேர் உட்காரக் கட்டிய மண்டபம் இது. அதே 2010-ல்தான் சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக் கூடங்களும் திறந்தன.

ஆனால் உள்ளே நின்று பார்க்கிறவனுக்கு வேறொன்று தெரியும். பந்தயம் கட்டுகிறவர் பன்னிரண்டு குதிரை ஓடும் பந்தயத்தில் ஆசையோடு கட்டுவார். ஏழு குதிரை ஓடினால், அதில் ஒன்று ஜெயிக்கப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வார். கட்டும் பணம் குறைந்தால் பரிசுப் பணம் குறையும். பரிசு குறைந்தால் உரிமையாளர் அடுத்த குதிரையை வாங்கமாட்டார். குதிரை வராவிட்டால் பந்தயம் ஐந்து குதிரையாகச் சுருங்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு ஊரில் குதிரை குறைந்தால் அடுத்த ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வருவார்கள். இங்கே அடுத்த ஊர் என்றால் விமானம் ஏற வேண்டும், இல்லையென்றால் ஜோகூர் பாலத்தைத் தாண்டி மலேசியா போக வேண்டும்.

கூட்டம் குறைந்தால் விளம்பரம் செய்து கூட்டி வரலாம். சின்ன நாட்டில் குதிரை எண்ணிக்கை ஒருமுறை சரிந்தால் தூக்கி நிறுத்துவது அதைவிடப் பல மடங்கு கடினம். என் அனுபவத்தில் இதுதான் நோயின் வேர்.

2023 ஆகஸ்ட் 1, செவ்வாய்

இன்று லாயத்தில் அத்தனை பேருக்கும் பிறந்தநாள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிறந்த தரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் குதிரை இனம்) எந்த மாதம் பிறந்தாலும் ஆகஸ்ட் 1-ல் ஒரு வயது கூடும். எங்கள் குதிரைகள் பெரும்பாலும் அங்கே பிறந்தவை. நான் பார்த்துக்கொள்ளும் கருப்பனுக்கு இன்றோடு ஐந்து. (பதிவேட்டில் அவனுக்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. நான் கூப்பிட்டால் காதைத் திருப்புவது கருப்பன் என்ற பெயருக்குத்தான்.) ஆளுக்கு ஒரு கேரட் கூடுதல்.

“நாமளே குட்டி போட வச்சா என்ன?” என்று புதிதாக வந்த பையன் கேட்டான். நல்ல கேள்வி. மாட்டுக்குச் செய்வதுபோல் வெளிநாட்டிலிருந்து விந்து வாங்கி ஊசி போட முடியாது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பதிவேட்டில் சேர்க்கமாட்டார்கள். பொலிகுதிரையும் பெட்டையும் நேரில் சேர வேண்டும். அதற்குப் பொலிகுதிரை வேண்டும், பெட்டைகள் வேண்டும், குட்டிகள் ஓடி எலும்பு உறுதிப்பட ஏக்கர் கணக்கில் புல்வெளி வேண்டும். வீடு கட்டவே இடம் தேடும் நாட்டில் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு குதிரையும் இறக்குமதி. புல்லும் இறக்குமதி. ஓட்ஸும் இறக்குமதி. உலகத்தில் எங்கே விலை ஏறினாலும் எங்கள் தீனித் தொட்டியில் தெரியும்.

2023 செப்டம்பர் 14, வியாழன்

கருப்பனுக்கு வேர்வை நின்றுவிட்டது.

நேற்று விடியற்காலை ஓட்டம் முடிந்து வந்தபோதே சந்தேகம். இன்று உறுதியாகிவிட்டது. ஐந்நூறு கிலோ குதிரை இந்தப் புழுக்கத்தில் ஓடிவிட்டு வந்தால் கழுத்திலிருந்து நுரை வழிய வேண்டும். சேணத்தின் அடியில் மட்டும் ஒரு கையளவு ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்து, தொட்டால் சுடுகிறது. மூக்குத் துவாரங்கள் விரிந்து, வயிறு மேலும் கீழும் அடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் கழித்தும் மூச்சு இறங்கவில்லை. குழாயைத் திறந்து கழுத்திலும் தொடைகளின் உள்பக்கத்திலும் தண்ணீர் விட்டேன். வழிக்கட்டையால் வழித்துவிட்டு மறுபடி விட்டேன். மேலே விடும் தண்ணீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் திரும்பத் திரும்ப விட வேண்டும். பிறகு மின்விசிறி. டாக்டர் உப்புக் கரைசல் எழுதிக் கொடுத்தார், வேலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்.

குளிர்நாட்டில் வளர்ந்த குதிரைகள் சில இந்த வெப்பத்தில் வருடக்கணக்கில் வேர்த்து வேர்த்து, ஒரு கட்டத்தில் வேர்வைச் சுரப்பியே ஓய்ந்துவிடும். குளிர்ந்த இடத்துக்கு அனுப்புவதுதான் நம்பகமான வைத்தியம். முதலீடு போட்ட உரிமையாளருக்கு அது தாங்க முடியாத அடி. இந்தச் செலவு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் தனியாக வராது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பந்தயம் நடத்துகிற எல்லோரும் கொடுக்கும் விலை இது.

2023 நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலை வேலை முடித்து, சிராங்கூன் சாலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்தேன். தெருவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சாப்பாட்டுக் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தெரியவில்லை. 1843 பிப்ரவரியில் முதல் பந்தயம் நடந்தது இங்கேதான், ஃபேரர் பார்க்கில். 1911-ல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் அந்தத் திடலில்தான். 1942-ல் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி, அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் அங்கேதான். நம் ஆட்களின் வரலாற்றில் அந்தப் புல் தரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

1933-ல் ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் தீமாவுக்குப் போனார்கள். 1999-ல் அங்கிருந்து கிராஞ்சிக்கு. நகரம் வளர வளரக் குதிரைகள் தள்ளித் தள்ளிப் போயின. கிராஞ்சிக்கு வடக்கே நீரிணைதான்.

நிலம் வேண்டாம் என்று நான் வாதாட மாட்டேன். வீடு இல்லாதவனுக்கு வீடு வேண்டும். ஆனால் ஐந்நூறு மில்லியன் வெள்ளி செலவில் கட்டிய திடலுக்குக் கால் நூற்றாண்டுதான் ஆயுள் என்றால், கட்டும்போதே யாராவது நூறு ஆண்டுக் கணக்கு போட்டிருக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 20, செவ்வாய்

எதிர்ப்பக்க லாயம் காலி. ட்ரெய்னர் கிளம்பிவிட்டார். இதுவரை போன குதிரைகளில் சில ஆஸ்திரேலியாவுக்கு, சில மலேசியாவுக்கு. சுவரில் மூக்கு உரசிய தடங்கள் மட்டும் கறுப்பாக இருக்கின்றன.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

இங்கே நல்ல குதிரைகளே இருந்ததில்லை என்று யாரோ பேசுவதைக் கேட்டேன். கோபம் வந்தது. ராக்கெட் மேன் இந்தக் கிராஞ்சியில் பழகியவன். 2011-ல் துபாய் போய் கோல்டன் ஷஹீன் பந்தயத்தை ஜெயித்துவிட்டு வந்தான். 2000-ல் ஆரம்பித்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சர்வதேசக் கோப்பைக்கு உலகம் முழுவதிலிருந்தும் குதிரைகள் வந்தன. 2006-ல் ஜப்பானின் காஸ்மோ பல்க் ஜெயித்தது. அடுத்த ஆண்டு ஷேடோ கேட் முதலாவது, காஸ்மோ பல்க் இரண்டாவது. 2015-க்குப் பிறகு அந்தக் கோப்பையை நிறுத்திவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், முதல் அடி அன்றுதான் விழுந்தது. செலவு மிச்சம் என்று பார்த்தார்கள். பெரிய பந்தயத்தைக் கனவு கண்டுதான் ஒருவர் விலை உயர்ந்த குட்டியை வாங்குகிறார். கனவை எடுத்துவிட்டால் அவர் ஹாங்காங்கைப் பார்ப்பார்.

2024 ஜூலை 9, செவ்வாய்

கருப்பன் போகிறான். மலேசியாவுக்கு வேண்டாம், அங்கேயும் இதே புழுக்கம்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். உரிமையாளர் நல்ல மனிதர், நியூசிலாந்துக்கு அனுப்பச் சம்மதித்தார். பராமரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் கிளப்பின் உதவி இருப்பதால் கணக்கு ஒத்துவந்தது.

தனிமைப்படுத்தல், ரத்தப் பரிசோதனை, காகிதம், மறுபடி காகிதம். இவ்வளவு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2020-ல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்ததை நான் மறக்கவில்லை. பிறகு மலேசியாவிலும் தென்பட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள கொசுப்பூச்சி பரப்பும் நோய். ஒரு நாட்டில் வந்தால் அக்கம்பக்கத்து நாடுகளின் குதிரைப் போக்குவரத்தே முடங்கிவிடும். அந்தக் காகிதங்கள் அவசியம்.

விமானத்தில் குதிரைகள் பெட்டிக்குள் நின்றுகொண்டேதான் போகும். அங்கே இப்போது குளிர்காலம், இவனுக்கோ பூமத்திய ரேகையின் மெல்லிய முடி. இறங்கியதும் கனமான போர்வை போடச் சொல்லி, இடது முன்னங்காலில் பழைய வீக்கம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நின்றால் பயப்படுவான் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி, கூடப் போகிறவரிடம் கொடுத்தேன்.

2024 ஆகஸ்ட் 17, சனி

இளம் குதிரைக்கு எங்கும் வேலை உண்டு. எட்டு, ஒன்பது வயதுக் குதிரைகளுக்குத்தான் பாடு. சவாரிப் பள்ளிகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளும், ஆனால் எத்தனைக்குத்தான் இடம் இருக்கும்? குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் உயிரோடு இருக்கக்கூடியது. பந்தய வாழ்க்கை ஐந்தாறு வருடம். மீதிக் காலத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை, பணம் புரண்ட காலத்திலேயே தீர்த்து வைத்திருக்க வேண்டும். கட்டப்படும் ஒவ்வொரு வெள்ளியிலும் ஒரு சிறு துளியை ஓய்வுபெற்ற குதிரைக்கென்று தனியாக எடுத்து வைத்தால் போதும். மூடும் நேரத்தில் யோசித்தால் எல்லாமே அவசரம்தான்.

2024 அக்டோபர் 5, சனி

சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். கிராண்ட் சிங்கப்பூர் கோல்டு கப் இன்று நூறாவது முறையாக ஓடியது. வேலிப் பக்கம் நின்று, கடைசி இருநூறு மீட்டரில் கத்தினேன். எந்தக் குதிரைக்கு என்றில்லை, எல்லாவற்றுக்கும்.

பக்கத்து லாயத்து அண்ணன் முகம் கழுவிவிட்டு வந்து, “நாளைக்குக் காலையில தீனி யாரு முறை?” என்று கேட்டார். பந்தயம் நின்றாலும் குதிரைக்குப் பசிக்கும். என் முறைதான்.

2025 ஜூன் 2, திங்கள்

இப்போது கோலாலம்பூரில், சுங்கை பீசியில் இருக்கும் சிலாங்கூர் கிளப்பின் திடலில் வேலை. சம்பளம் ரிங்கிட்டில் வருவதால் வீட்டுக்கு அனுப்புவது குறைந்துவிட்டது. கருப்பன் வேர்க்கிறானாம்! படம் அனுப்பியிருக்கிறார்கள், முடி அடர்த்தியாக வளர்ந்து ஆளே மாறியிருக்கிறான்.

பினாங்கிலும் போன சனிக்கிழமை கடைசிப் பந்தயம் முடிந்தது. 1864-ல் தொடங்கிய கிளப். மலாயா பந்தயச் சங்கத்தில் நான்கு கிளப்புகள் ஒன்றுக்கொன்று குதிரை கொடுத்து வாங்கி ஓடிய சுற்று இது. சிங்கப்பூர் போனதும் பரிசுப் பணத்தின் பெரிய பங்கு போனது. மிச்சம் சிலாங்கூரும் என் அப்பா வேலை பார்த்த பேராக்கும்தான்.

இந்த இரண்டும் தனித்தனியாக நாள் குறித்துக்கொண்டு, இருக்கிற கொஞ்சம் குதிரையையும் பங்கு போட்டால், கிராஞ்சியில் நான் பார்த்ததே இங்கும் நடக்கும். பந்தய நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பந்தயத்திலும் பத்துக் குதிரையாவது நிற்கும்படி இருவரும் ஒரே அட்டவணை போட வேண்டும். ஓய்வுபெறும் குதிரைகளுக்கான நிதியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். மதியம் பாஸிடம் இதையெல்லாம் சொன்னேன். ட்ரெய்னர்கள் கூடும்போது பேசுகிறேன், ஒரு தாளில் எழுதிக் கொடு என்றார். முதல் பக்கம் முடிந்தது. பேராக் கிளப் இருக்கும் ஈப்போவில் இப்போது எத்தனை குதிரை ஓடும் நிலையில் இருக்கிறது என்று நாளைக் காலை போன் போட்டுக் கேட்டுவிட்டு இரண்டாவது பக்கத்தை எழுத வேண்டும்.