சொட்டுகிற வால்வு சொட்டட்டும்

நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு போர் தண்ணீர்தான். குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். பழைய கீசர் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒழுகியதும், புதிதாக 25 லிட்டர் ஒன்று வாங்கினோம்.

பிளம்பருக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவர் டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தபோது பல்பு எரியவில்லை. சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே எர்த் ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அப்படியேதான் குளித்திருக்கிறோம்! அதைச் சரிசெய்து, மின்சாரம் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம்.

அப்புறம் பிளம்பர் தம்பி வந்தார். சுவரில் மாட்டுவது, டெஃப்லான் டேப் சுற்றுவது எல்லாம் மளமளவென்று முடிந்தது. நீலக் குறி போட்ட பக்கம்தான் தண்ணீர் உள்ளே போகும் வழி. சேஃப்டி வால்வு அங்கே வர வேண்டும், அதன்மேல் உள்ள அம்புக்குறி டேங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். வால்வுக்கும் டேங்க்குக்கும் நடுவில் திறந்து மூடுகிற வேறு எந்தக் குழாயும் கூடாது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்று புஸ்புஸ்ஸென்று வெளியேறி தண்ணீர் சீராக விழுந்த பிறகே சுவிட்சைப் போட்டோம்.

கொஞ்ச நேரத்தில் வால்வின் பக்கவாட்டு மூக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

“லீக்காகுது சார், எம்-சீல் வச்சு அடைச்சிடவா?”

“வேண்டாம் தம்பி, அது சொட்டணும்.”

“நிறைய வீட்ல அப்படித்தான் சார் அடைச்சுக் குடுத்திருக்கேன். அவங்களே கேக்குறாங்க.”

இதைக் கேட்டுத்தான் எனக்கு பகீரென்றது. 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரிந்து, சுமார் கால் லிட்டருக்கும் மேலே கூடுதலாக இடம் கேட்கும். அது வந்த வழியே மாடித் தொட்டிக்குத் திரும்ப முடியாது, வால்வு ஒருவழிப்பாதை. அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். எங்கள் வால்வில் பொறித்திருக்கும் 8 பார் அழுத்தத்தைத் தொட்டதும் மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதை அடைத்தால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் டேங்க்கின் வெல்டிங்தான் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்தால் டேங்க் வெடிக்கவே வெடிக்கும்.

தரை ஈரமாகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கு வழி ரொம்பச் சாதாரணம். மூக்கில் ஒரு டியூபைச் செருகி, எங்கும் மடங்காமல் கீழ்நோக்கி இறக்கி, தரையில் தண்ணீர் வெளியேறும் ஜாலி பக்கம் விட்டோம். நுனி திறந்தே இருக்க வேண்டும், பக்கெட் தண்ணீருக்குள் முங்கக் கூடாது.

போர் தண்ணீர் வீடுகளில் உப்பு படிந்து வால்வே இறுகிவிடலாம். அதனால் அவ்வப்போது கீசரை அணைத்து, ஆறவிட்டு, வால்வின் சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் பீய்ச்சி வந்தால் சரி. கீசர் ஆறிய பிறகும் சொட்டு நிற்கவில்லை என்றால் உள்ளே உப்புத்துகள் மாட்டியிருக்கலாம். நாலைந்து தடவை தூக்கிவிட்டும் நிற்காவிட்டால், அடைக்காமல் வால்வையே மாற்றிவிட வேண்டியதுதான். மேல் வீட்டு மாமாவின் கீசரில் மூக்கு முழுக்க எம்-சீல். அதே தம்பியை அனுப்பி அவருக்கும் புது வால்வு போட வைத்தேன்.