உள்ளானும் வலது கண் வளையமும்

நீர்க்கரையில் மேயும் உள்ளான்களில் எது எந்த வகை என்று பிரிக்கத் தெரியாத என் குழப்பம் ஒருவழியாக நேற்றுக் காலை தீர்ந்தது. மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில், மடைக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஒரு கிரீன் சேண்ட்பைப்பர் (உள்ளானில் ஒரு வகை). பத்தடி தள்ளிச் சேற்றில் இரண்டு வுட் சேண்ட்பைப்பர். யாரையும் கேட்காமல், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல், நின்ற இடத்திலேயே பெயர் சொன்னேன். அக்டோபரில் பறவை பார்க்க ஆரம்பித்தவனுக்கு இதற்குப் பிப்ரவரி ஆகிவிட்டது.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், பவளக்காலி எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்த கதை. உள்ளான் மட்டும் மசியவில்லை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில்கூட, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளத்தில் ‘வகை தெரியாத உள்ளான் 14’ என்று ஏற்றிவிட்டு வந்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது.

முதலில் கண்ணைக் குறை சொன்னேன். வயது 46, சாளேசுவரம். அப்புறம் வெளிச்சத்தை. கடைசியில் பார்த்தால், குற்றவாளி என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வாங்கியது பழைய 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.). இரண்டு கண்ணிலும் தெரிவது ஒன்றாகச் சேராது, பத்து நிமிடத்தில் தலைவலி. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார், பரணில் கிடக்கிறது. (பழையது வாங்குகிறவர்கள் தூரத்துக் கம்பத்தைப் பார்த்து, அது ஒற்றையாகத் தெரிகிறதா என்று சோதித்த பிறகே காசைக் கொடுங்கள்.) இப்போது இருப்பது புதிய 8×42. கை நடுக்கத்துக்கு 8 மடங்கு போதும். ஆனால் இதிலும் சின்னப் பறவைகள் ஆவி படிந்த கண்ணாடி வழியாகத் தெரிவது போலவே இருந்தன.

வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கிறதல்லவா, டயாப்டர், இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது. அதை வீட்டில் வைத்து ஒருமுறை சரிசெய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். செய்தது தப்பு. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திருகினேன். அப்படி மூடினால் திறந்திருக்கும் கண்ணும் சுருங்கிக்கொள்கிறது, அளவு பிசகிவிடுகிறது. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்து, வலது பக்க லென்ஸை மூடியால் மறைத்து, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு மூடியை இடது பக்கம் மாற்றி, சக்கரத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும்.

மடைக் கல்லில் வெட்டியிருக்கும் எழுத்தை வைத்து இதைச் செய்துகொண்டிருந்தேன். எருமை ஓட்டிவந்த பெரியவர் நின்று, “என்ன சார், கம்மாயை அளக்க வந்திருக்கீகளா?” என்றார். உள்ளான் பார்க்கிறேன் என்றேன். “உள்ளானுக்கா கல்லைப் பாக்குறீக?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சரி, அளவு வந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி ஆவி. மூன்று தடவை இப்படி. பிறகுதான் புரிந்தது. நான் கண்ணாடி போடுகிறவன், கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவைப்பேன். வீட்டுக்காரம்மாவுக்குக் கண்ணாடி இல்லை, என் கையிலிருந்து வாங்கியதும் அதை மேலே திருகி ஏற்றுவார். அந்தத் திருகலில் பக்கத்திலேயே இருக்கும் வளையமும் கூடவே நகர்ந்துவிடுகிறது! சரியான இடத்தில் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைத்தேன். சைக்கிள் டியூபில் அரை விரல் அகலத்துக்கு வெட்டி வளையத்தின் மேல் மாட்டினேன். பஞ்சர் கடைக்காரர் காசே வாங்கவில்லை.

அதற்கப்புறம்தான் நேற்று. வுட்டுக்கு வெள்ளைப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறது, முதுகெல்லாம் புள்ளி, கால் மஞ்சள். கிரீனுக்கு அந்த வெள்ளை கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, முதுகு கருத்துக் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் பறக்கட்டும். கிரீனின் இறக்கை அடிப்பக்கம் கிட்டத்தட்ட கறுப்பு, வுட்டுக்கு வெளிறிய சாம்பல். காமன் சேண்ட்பைப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னக் கொசு உள்ளான்கள் இன்னும் பாக்கி. டெம்மின்க்ஸ் ஸ்டின்ட்டா லிட்டில் ஸ்டின்ட்டா என்று கால் நிறம் பார்க்க 8 போதாது, முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்கோப் வேண்டும். விலையைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. அதற்குள் அரிட்டாபட்டி போய் லகர் வல்லூறைப் பார்த்துவிட ஆசை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், மேலூர்ப் பக்கம்தான் இருக்கிறது, நான் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரலுக்குள் உள்ளான்கள் வடக்கே கிளம்பிவிடும் என்பதால் சாமநத்தத்தை விட்டு நகர மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குப் பைனாகுலர் வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லிவைத்தாகிவிட்டது. டியூபுக்கு மேல் இன்சுலேஷன் டேப்பும் ஒரு சுற்று சுற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்.