கொம்பும் காலும் பிரிந்த கதை

புத்தகம் போன வாரம் கைக்கு வந்துவிட்டது. 144 பக்கம், பதினோரு கதைகள், 65 வயதில் என் முதல் புத்தகம். சந்தோஷம்தான். ஆனால் இதற்காக எட்டு மாதம் பட்ட பாடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என்னைப் போல வெளிநாட்டில் உழைத்துத் திரும்பி, எழுதி வைத்ததை அச்சில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாகர்கோவிலில் நர்ஸிங் முடித்து குவைத், மஸ்கட், கடைசியாக டப்ளின் என்று 33 வருடம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது நைட் டியூட்டியில் இருந்தேன். செப்டம்பரில் பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போய், பாலைவனக் கூடாரத்தில் காத்துக் கிடந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியாவில் ஊர் திரும்பினேன். அந்தக் கூடாரத்தில் பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதியதுதான் ஆரம்பம். டப்ளினில் அது டைரிகளாக வளர்ந்தது. ஓய்வுபெற்று வந்ததும் கதைகளாக்கி போனிலேயே தட்டச்சு செய்தேன். அதுவரை ஒரு கஷ்டமும் இல்லை.

சென்னையில் ஒரு பதிப்பகம். 300 பிரதிக்கு 55,000 ரூபாய் கேட்டார்கள், கட்டினேன். நான் அனுப்பியது யூனிகோட் ஃபைல், அதாவது போன், கணினி எல்லாவற்றிலும் இப்போது பொதுவாக உள்ள எழுத்துமுறை. அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். யூனிகோடில் ‘க’வுக்கு அப்புறம்தான் கொம்பும் (ெ) காலும் (ா) பதிவாகும், பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு முதலில் வரும். மாற்றும்போது கவனிக்காவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் பக்கங்களைத் திறந்தால், ‘கொசுவலை’யில் ‘க’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போயிருக்கிறது, கால் அடுத்த வரியில் தனியாக நிற்கிறது. புத்தகம் முழுக்க இப்படி. போன் செய்தால், “பிரிண்ட்ல சரியா வந்துரும் மேடம்” என்றார் ஒருவர். வராது. ப்ரூஃபில் உள்ள தப்பு அப்படியே அச்சில் ஏறும். யாரும் இந்த வார்த்தையை நம்பாதீர்கள்.

நேரிலேயே பேசிவிடலாம் என்று கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கிளம்பிப் போனேன். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஜனவரி மாதம், எல்லோரும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சியில். அங்கேயும் போய்க் கேட்டேன். “கண்காட்சி முடியட்டும்மா.” அன்று ராத்திரியே ரயிலேறினேன். டிசம்பர், ஜனவரியில் எந்தப் பதிப்பகத்தையும் தேடிப் போகாதீர்கள்.

அடுத்த ப்ரூஃபில் எழுத்துகள் ஓரளவு ஒழுங்காகிவிட்டன. ஆனால் திருத்துபவர் என் ஊர்ப் பேச்சில் கை வைத்திருந்தார். டப்ளினில் இருக்கும் மகளிடம் அம்மா போனில் கேட்கிற “சாப்பிட்டியா மக்கா” என்பது “சாப்பிட்டாயா மகளே” ஆகியிருந்தது. அது என் அம்மா கேட்ட கேள்வி. அவர் ஆயுசில் ஒருநாளும் என்னை ‘மகளே’ என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அழுதுவிட்டேன். 46 இடத்தில் அந்த வார்த்தையைத் திரும்ப எழுதிப் பக்க எண்ணோடு அனுப்பினேன். வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள், ‘பேச்சு மொழியைத் திருத்தக் கூடாது’ என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு என்று ஒரு வரி இருந்தது. அச்சு உரிமை மட்டும், மூன்று வருடம் என்று மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். மாற்றினார்கள். நம் சட்டப்படி காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று ஆகும். ‘நிரந்தரம்’ என்று நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

ஐ.எஸ்.பி.என். என்று பின்னட்டையில் போடும் புத்தக அடையாள எண்ணுக்கென்று தனியாக 3,000 ரூபாய் வாங்கினார்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்னட்டை வந்ததும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் வேலை பார்த்த வார்டில் மார்ஃபின் ஊசி என்றால் இரண்டு நர்ஸ் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவோம். அந்தப் பழக்கம். 13 இலக்கத்தையும் மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால், பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். எனக்கு 104 வந்தது. மறுபடி கூட்டினேன், அதே 104. எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அட்டை அச்சுக்குப் போக ஒரு நாள்தான் பாக்கி. சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “நல்லவேளை பார்த்தீங்கம்மா” என்றார்கள்.

இப்போது ‘கொசுவலை’ இருக்கும் பக்கத்தைத்தான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். கொம்பு, ‘க’, கால் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. 300 பிரதியில் 260தான் வந்திருக்கிறது. மீதி பைண்டிங்கில் இருக்கிறதாம். திங்கட்கிழமை காலையில் மறுபடி கூப்பிட வேண்டும்.