முதலில் நிற்கப் பழகுங்கள்

சீகோங் என்னும் சீனப் பயிற்சியைப் பழகப்போகிறேன் என்பவர்கள் முதலில் வீடியோவைத்தான் தேடுகிறார்கள். கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்து அப்படியே செய்கிறார்கள். தப்பில்லை, ஆனால் உடல், மூச்சு, மனம் மூன்றையும் ஒன்றாகச் சீராக்குவதுதான் இந்தக் கலையின் அடிப்படை, மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் அது வெறும் மெதுவான உடற்பயிற்சி.

அதனால் யார் கேட்டாலும் முதலில் நிற்கத்தான் சொல்வேன். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பெரிய பானையைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, சும்மா நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தோள் தானாக மேலே ஏறும், தொடை நடுங்கும், மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். அதைக் கவனித்துத் தோளை மறுபடி கீழே விடுவதுதான் பயிற்சி. மனதைத் தொப்புளுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, சீனர்கள் தான்தியென் என்னும் இடத்தில், மெல்ல வைத்திருங்கள். மூச்சை அடக்க வேண்டாம், முக்கியமாகப் பிரஷர் உள்ளவர்கள். திருகோணமலையில் டச்சு பே கடற்கரையில் நிற்பதென்றால் காய்ந்த மணலில் கால் புதையும், அலை நனைத்து இறுகிய இடமாக, சரிவில்லாமல் பார்த்து நில்லுங்கள்.

அப்புறம் அசைவுகளுக்குப் போகலாம். எட்டு அசைவுள்ள பாதுவான்ஜின் தொடங்குபவர்களுக்கு நல்லது. வானத்தைத் தாங்குவது போலக் கைகளை உயர்த்துவதில் ஆரம்பித்து, குதிகாலை ஏழு தடவை தூக்கி விடுவதில் முடியும். அந்தக் கடைசி அசைவுக்கு மட்டும் மணல் சரிவராது, அதிர்வு முதுகெலும்பில் ஏற வேண்டுமே, தரை வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது வூசின்சி. புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்று ஐந்து விலங்குகளின் அசைவு, சீனாவின் ஹான் அரசர் காலத்து வைத்தியர் ஹுவா துவோ உருவாக்கியதாகச் சொல்வார்கள். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்கள் நிற்கின்றன, நின்று பாருங்கள். பின்காலை நக்கத் திரும்பும்போது கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகு முழுக்க வளையும். மான் அசைவிலும் அதுதான் வேண்டும்: நடுவிரலையும் மோதிரவிரலையும் மடித்துக் கையைக் கொம்பு மாதிரி பிடித்து, இடுப்பிலிருந்தே திரும்பிப் பின்காலின் குதியைப் பார்ப்பது. பலர் கழுத்தை மட்டும் திருப்பிவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

விலங்குகளைப் பார்த்துப் பழகும் வழக்கம் நேற்று வந்ததல்ல. சீனாவின் மாவாங்துயியில் 1973இல் தோண்டிய கல்லறையில் கிடைத்த பட்டுத் துணியில் 44 பேர் பயிற்சி செய்யும் படங்கள் உள்ளன, சில விலங்கு அசைவுகள். அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது.

ஒன்று, மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். மாரி தொடங்கினால் கடற்கரைக்குப் போக முடியாதே என்றும் யோசிக்க வேண்டாம், பாதுவான்ஜினுக்கு விறாந்தையில் ஒரு பாய் விரிக்கும் இடமே போதும்.